திராவிட மணி இரட்டைமலை சீனிவாசனார்: அவையில் கிடைத்த ஓர் இருக்கை

பொதுத் தெருவில் நடப்பதற்கும் பொதுக் கிணற்றில் நீர் முகப்பதற்கும் ஒரு மனிதனுக்கு உரிமை உண்டா என்பது ஒரு கேள்வியா என்று இன்றைய இளைஞர்கள் வியக்கக்கூடும். ஆயின், நம் பாட்டன்மார் காலத்தில் அது பெருங்கேள்வியாக இருந்தது. சாலைக்கு மண் சுமந்தவர் அச்சாலையில் செருப்பணிந்து நடக்க இயலவில்லை. கிணறு வெட்டியவர் அக்கிணற்றங்கரையில் நின்று, யாரேனும் இரங்கி நீர் வார்ப்பார்களா என்று காத்திருந்தார். வழக்கம் என்னும் பெயரால் நிலைபெற்றிருந்த இக்கொடுமையை எதிர்த்து, சென்னைச் சட்டமன்றத்தில் எழுந்து நின்று ஒரு தீர்மானத்தைக் கொணர்ந்து நிறைவேற்றிய பெருமகனார் இரட்டைமலை சீனிவாசனார் ஆவார்.

சித்தையன்கோட்டையில் நம் சமுதாயக் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில் அப்பெரியாரின் வாழ்வை நினைவுகூர்தல் பொருத்தமுடையது. அவர் கோட்டை கொத்தளங்களைப் பிடித்தவர் அல்லர். பெரும்படை திரட்டியவரும் அல்லர். ஆளுநர் நியமித்த உறுப்பினர் என்ற முறையில் அவைக்குள் ஓர் இருக்கை அவருக்குக் கிடைத்தது. அந்த அவை எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்து, அவ்விருக்கையை மக்களுக்குப் பயன்படுமாறு ஆக்கினார். அவர் வாழ்வைக் கூறுவதோடு, பின்னாளில் மேலவை எனப்பெற்ற அம்மன்றம் இயங்கிய முறையையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் இளமையும்

சீனிவாசனார் 1859-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 7-ஆம் நாள் செங்கற்பட்டு மாவட்டம் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் சிற்றூரில் பிறந்தார். இரட்டைமலை என்பது அவர் தந்தையாரின் பெயர். பலரும் எண்ணுவதுபோல் அது ஓர் ஊரின் பெயரோ பட்டமோ அன்று. வறுமையும் சாதிக் கொடுமையும் குடும்பத்தை ஊர்விட்டு ஊர் பெயரச் செய்தன. தஞ்சைப் பகுதிக்குச் சென்று, பின்னர்க் கோயம்புத்தூரை அடைந்தனர்.

கோயம்புத்தூரில் அவர் பயின்ற பள்ளியில் ஏறத்தாழ 400 மாணவர் இருந்தனர். அவர்களுள் பதின்மர் நீங்கலாக ஏனையோர் பிராமண வகுப்பினர். தம் சாதியும் குடியிருப்பும் பிறருக்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தால் சீனிவாசனார் மற்றப் பிள்ளைகளோடு கூடி விளையாடியதில்லை. பள்ளிக்கு வெளியே ஓரிடத்தில் தனியே அமர்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகே உள்ளே செல்வார். பள்ளி விட்டதும் எவரும் பின்தொடராதபடி விரைந்து வீடு திரும்புவார். முதுமையில் தம் வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கமாக எழுதியபோது இதனை அவர் மறவாது குறித்தார். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கடந்தும் ஆறாத புண் அது.

கல்வி முடித்தபின் நீலகிரியில் ஐரோப்பியர் வணிக நிறுவனங்களில் கணக்கராகப் பணிபுரிந்தார். பண்டிதர் அயோத்திதாசர் அவருக்கு மைத்துனர் முறையினர். இருவரும் சமய நெறியில் வேறுபட்டனரேனும், தம் மக்கள் எழுச்சி பெறவேண்டும் என்பதில் ஒன்றுபட்டவரே. 1887-இல் ரங்கநாயகி அம்மையாரை மணந்த சீனிவாசனார், 1890-இல் நிலையாகச் சென்னைக்கு வந்து பொதுத்தொண்டில் இறங்கினார்.

இதழும் விண்ணப்பமும்

1891-இல் பறையர் மகாஜன சபையைத் தோற்றுவித்தார். 1893-ஆம் ஆண்டு அக்டோபரில் பறையன் என்னும் பெயரிலேயே ஓர் இதழைத் தொடங்கினார். எப்பெயரைக் கூறி மக்களை இழிவு செய்தனரோ, அப்பெயரையே இதழின் முகப்பில் பொறித்தார். தன் பெயரைச் சொல்ல நாணுபவன் உரிமை கேட்க இயலாது என்பது அவர் துணிபு. பள்ளியில் தம் சாதியை மறைத்து ஒதுங்கி நின்ற சிறுவன், வளர்ந்தபின் அதனை ஊரறிய எழுதிக் காட்டினான் எனலாம். மாத இதழாகத் தொடங்கி விரைவில் வார இதழாக மாறிய அது, 1900 வரை ஏழாண்டுகள் நடைபெற்றது.

அதே 1893-இல் மற்றொரு பணியையும் செய்தார். இந்திய சிவில் சர்வீஸ் தேர்வை இங்கிலாந்தில் மட்டுமன்றி இந்தியாவிலும் நடத்தவேண்டும் என்று காங்கிரசார் கோரிய காலம் அது. நாட்டு நலனை எண்ணியே அவர்கள் கோரினர். ஆயினும் சீனிவாசனார் வேறு கோணத்தில் நோக்கினார். படிக்கும் வாய்ப்பு ஒரு சில சாதியாரிடமே அடங்கியிருந்த நாட்டில், அதிகாரம் முழுவதும் அவர்களிடமே சென்று சேரும். ஊரில் உள்ள அடக்குமுறை அலுவலகத்திலும் வந்து அமரும் என்று அவர் அஞ்சினார். டிசம்பர் 23-ஆம் நாள் சென்னையில் கூட்டம் கூட்டி, 112 அடி நீளமும் 3,412 கையொப்பங்களும் கொண்ட விண்ணப்பத்தை ஆயத்தம் செய்து பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திற்கு அனுப்பினார்.

அவர் கருத்தை ஏற்பவரும் உண்டு, மறுப்பவரும் உண்டு. ஆனால் ஒன்றை மறுக்க இயலாது. தம் குறையைத் தாமே எழுதிக் கையொப்பமிட்டு, சட்டம் இயற்றும் மன்றத்தின் முன் வைக்கும் வழக்கத்தை எழுத்தறிவு அருகியிருந்த ஒரு மக்களிடையே அவர் உண்டாக்கினார்.

கடல் கடந்த இருபதாண்டுகள்

1900-இல் இங்கிலாந்து சென்று மக்கள் குறையை நேரில் எடுத்துரைக்கும் எண்ணத்துடன் புறப்பட்டார். பயணம் அவர் எண்ணியவாறு அமையவில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவில் தங்கி, பின்னர் 1904-இல் தென்னாப்பிரிக்கா சென்று, நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழரின் வழக்குகளை அங்கே நாள்தோறும் கேட்டார். அப்போது அங்கு வழக்குரைஞராக விளங்கிய காந்தியடிகளுடன் பழகினார். காந்தியடிகள் தமிழில் கையொப்பமிடக் கற்றது சீனிவாசனாரிடம் என்பர்.

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் பணி சிறியதாகத் தோன்றலாம். ஆயினும் ஒரு சொல் இடம் மாறினால் ஒரு மனிதனின் விடுதலை சிறையாக மாறும் இடம் அது. சட்டத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் உள்ள எடையை அவர் அங்கே கண்கூடாக அறிந்திருப்பார். இருபதாண்டுக்குப் பின் தாயகம் திரும்பிய அவர், அறுபது வயது கடந்த முதியவராக இருந்தார். பெரும்பாலோர் ஓய்வை நாடும் அந்த வயதில்தான் அவருடைய மாபெரும் பணி தொடங்கியது.

அவையில் கிடைத்த இருக்கை

அவர் திரும்பியபோது நாட்டின் ஆட்சிமுறை மாறியிருந்தது. 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சென்னை மாகாணச் சட்டமன்றம் விரிவுபெற்று, 1921 சனவரியில் புதிய மன்றம் தொடங்கியது. அப்போது மாகாணத்திற்கு ஒரே அவைதான். லெஜிஸ்லேடிவ் கவுன்சில் என்பது அதன் பெயர்.

அவ்வவைக்கு 98 பேர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஆயின் மக்கள் என்று சொல்லும்போது எல்லா மக்களையும் எண்ணிவிடலாகாது. நிலவரியோ நகர வரியோ குறிப்பிட்ட அளவு செலுத்துபவருக்கே வாக்குரிமை. நிலமற்ற உழவுத் தொழிலாளிக்கு அதில் இடமில்லை. ஆகவே, தாழ்த்தப்பட்ட மக்கள் தேர்தல் வழியே அவைக்குள் நுழைதல் அரிதாயிற்று. இக்குறையை ஈடுசெய்ய, ஆளுநர் நியமிக்கும் உறுப்பினருள் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஐவருக்கு முதலில் இடமளிக்கப்பட்டது. பின்னர் அத்தொகை உயர்த்தப்பட்டது. முதல் மன்றத்திலேயே இடம்பெற்ற எம்.சி. ராஜா, 1922-இல் இழிவுப் பெயர்களை நீக்கி ஆதிதிராவிடர், ஆதிஆந்திரர் என்னும் பெயர்களை வழங்கவேண்டும் என்ற தீர்மானத்தைக் கொணர்ந்து வெற்றி கண்டார். 1923-இல் சீனிவாசனாரும் நியமன உறுப்பினர் ஆனார்.

நியமன உறுப்பினர் என்றால் அரசுக்குத் தலையாட்டுபவர் என்று கருதுவார் உண்டு. அவ்வாறு வாழ்ந்தவரும் இருந்திருப்பர். அவருக்குப் பின்னால் தொகுதி இல்லை, வாக்காளர் இல்லை. ஆனால் அவை விதிகள் அவருக்கும் மற்ற உறுப்பினருக்கும் பொதுவானவை. ஓர் உறுப்பினர் கையாளத்தக்க கருவிகள் மூன்று. முதலாவது, வினா. அரசை நோக்கி ஒரு வினாவை எழுத்தில் கொடுத்தால் அரசு விடையளிக்க வேண்டும். அவ்விடை அச்சில் ஏறும். இரண்டாவது, தீர்மானம். இதனைச் செய்க என்று அவை அரசுக்குப் பரிந்துரைப்பது அது, அரசைக் கட்டுப்படுத்தாது. மூன்றாவது, சட்ட முன்வரைவு. அவையில் நிறைவேறி, ஆளுநரும் தலைமை ஆளுநரும் ஒப்பினால் அது சட்டமாகும். இம்மூன்றையும் எவ்வெவ்விடத்தில் பயன்படுத்துவது என்று அறிந்தவனே நல்ல உறுப்பினன்.

1924 ஆகஸ்டு 22

அவ்வாண்டு திருவிதாங்கூரில் வைக்கம் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் அனைவரும் நடக்கும் உரிமைக்காக அறப்போர் நடந்துகொண்டிருந்தது. பெரியார் ஈ.வெ.ரா. அங்கே சிறை புகுந்தார். தெருவில் நின்று அங்கே கேட்ட உரிமையை, அவையில் நின்று இங்கே கேட்டார் சீனிவாசனார்.

ஆகஸ்டு 22-ஆம் நாள் அவர் கொணர்ந்த தீர்மானம் நிறைவேறியது. எந்த ஊரிலாயினும் நகரத்திலாயினும் பொதுச் சாலை, தெரு, பாதை ஆகியவற்றில் எச்சாதியினரும் நடக்கத் தடையில்லை. பொது அலுவலகம், பொதுக் கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடம் ஆகியவற்றிற்குச் சாதி இந்துக்கள் செல்வது போன்றே தாழ்த்தப்பட்டோரும் செல்லலாம். இதுவே அதன் சாரம். செப்டம்பர் 25-ஆம் நாள் அது அரசாணையாக வெளிவந்தது. பின்னர் அரசிதழிலும் இடம்பெற்றது.

இத்தீர்மானத்தின் அமைப்பை இளைஞர்கள் கூர்ந்து நோக்கவேண்டும். அவர் சலுகை எதனையும் கேட்கவில்லை. புதிய உரிமை ஒன்றைத் தருமாறும் வேண்டவில்லை. பொதுவானது என்று அரசு எதனைச் சொல்கிறதோ, அது எங்களுக்கும் பொதுவானதே என்று அரசே ஒப்புக்கொண்டு எழுதித் தரவேண்டும் என்றார். பொது என்ற ஒரே சொல்லின்மீது அவர் தம் வழக்கு முழுவதையும் நிறுத்தினார். பொதுப்பணத்தில் அமைந்த சாலையைப் பொதுவன்று என்று கூற எந்த உறுப்பினராலும் இயலாது அன்றோ?

தீர்மானமும் ஆணையும் சட்டமும்

தீர்மானம் நிறைவேறியவுடன் கிணறுகள் திறந்துவிட்டனவா? இல்லை. இதனையும் நாம் மறைக்காமல் எழுதவேண்டும்.

அக்காலத்தில் சித்தையன்கோட்டையும் திண்டுக்கல் சுற்றுவட்டாரமும் மதுரை மாவட்டத்தில் அடங்கியிருந்தன. சென்னைக் கோட்டையில் பிறந்த ஓர் ஆணை மாவட்ட ஆட்சியரிடம் வரவேண்டும். அங்கிருந்து தாலுகா கச்சேரிக்கு வரவேண்டும். பின் கிராம முன்சீப்பிடமும் கர்ணத்திடமும் சேரவேண்டும். இப்பதவிகள் பெரும்பாலும் நிலமுடைய சாதியாரிடம் பரம்பரையாக இருந்தவை. எவருடைய வழக்கத்தை மாற்ற ஆணை பிறந்ததோ, அவர்கள் கையில்தான் ஆணைத்தாள் வந்து சேர்ந்தது. அதனை ஊரறியப் படிப்பாரா, பெட்டியில் பூட்டிவைப்பாரா என்பது அவர்கள் விருப்பமாயிற்று. ஆணையைப் படித்துக் காட்டுமாறு கேட்கவும், மறுத்தால் மேலே எழுதவும் நம்மவருள் எழுத்தறிந்தார் மிகச் சிலரே இருந்தனர்.

இக்குறையை அன்றைய உறுப்பினரும் உணர்ந்தனர். பரிந்துரை போதாது, மீறினால் தண்டனை வேண்டும் என்று கருதி, கோயம்புத்தூரைச் சேர்ந்த நியமன உறுப்பினர் ஆர். வீரையன் உள்ளாட்சிச் சட்டத்தைத் திருத்தும் முயற்சியை மேற்கொண்டார். பொதுவழிகளில் தடுப்போருக்கு அபராதம் விதிக்க அடுத்த இரண்டொரு ஆண்டுகளில் சட்டத்தில் இடம் ஏற்பட்டது. தீர்மானம் அரசாணை ஆயிற்று. அரசாணை சட்டத் திருத்தத்திற்கு வழி திறந்தது.

பம்பாயிலும் இதுவே நிகழ்ந்தது. அங்குள்ள சட்டமன்றம் 1923-இலேயே எஸ்.கே. போலே கொணர்ந்த இத்தகைய தீர்மானத்தை ஏற்றது. மகாடு நகராட்சியும் அதற்கிணங்கக் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. ஆயினும் எவரும் நீர் முகக்கத் துணியவில்லை. 1927 மார்ச்சு 20-ஆம் நாள் டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரை அழைத்துச் சென்று சௌதார் குளத்து நீரைப் பருகியபோதுதான் தாளில் இருந்த உரிமை கைக்கு வந்தது. அவையில் எழுதப்பட்ட உரிமையை ஊரில் நடத்திக் காட்ட மனிதர் வேண்டும். அம்மனிதர் அதனைப் படித்தறிந்தவராகவும் இருக்கவேண்டும்.

வட்டமேசையில் வைத்த கோரிக்கை

1930 நவம்பரில் இலண்டன் மாநகரில் வட்டமேசை மாநாடு கூடியது. தாழ்த்தப்பட்ட மக்களின் சார்பில் அழைக்கப்பெற்றவர் இருவர். ஒருவர் டாக்டர் அம்பேத்கர், மற்றவர் சீனிவாசனார். ஒருவர் நாற்பதை எட்டாதவர், மற்றவர் எழுபதைக் கடந்தவர். முப்பதாண்டுக்கு முன் தாமே செல்ல முயன்று எட்டாது போன இங்கிலாந்துக்கு, இப்போது அழைப்பின் பேரில் சென்றார். மாமன்னர் அளித்த வரவேற்பில் தம் சாதிப் பெயரைக் குறித்த அடையாளத்தை மார்பில் அணிந்து சென்று, தீண்டாமை இன்னதென்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கு விளக்கினார் என்பர்.

அம்மாநாட்டில் இருவரும் இணைந்து ஒரு கோரிக்கைத் திட்டத்தை அளித்தனர். சமமான குடியுரிமை, அவ்வுரிமையைத் தடையின்றி நுகர வழி, பாகுபாட்டுக்கு எதிரான பாதுகாப்பு, சட்டமன்றங்களிலும் அரசுப் பணிகளிலும் அமைச்சரவையிலும் போதிய இடம் என்பன அதன் கூறுகள். அடுத்த ஆண்டு அளித்த துணைக் கோரிக்கையில் மற்றொன்றையும் தெளிவுபடுத்தினர். நடுவண் சட்டமன்றத்தின் கீழவையில் மட்டுமன்றி மேலவையிலும் தம் மக்கள்தொகைக்கு ஏற்ற இடம் வேண்டும் என்பதே அது. இந்த இரண்டாம் பகுதியைப் பலர் மறந்துவிட்டனர். நாம் மறக்கலாகாது.

1932 ஆகஸ்டில் தனித்தொகுதித் தீர்ப்பு வெளிவந்தது. காந்தியடிகள் எரவாடா சிறையில் உண்ணாநோன்பு தொடங்கினார். செப்டம்பர் 24-ஆம் நாள் பூனா ஒப்பந்தம் ஏற்பட்டது. அதில் கையொப்பமிட்டோருள் சீனிவாசனாரும் ஒருவர். அதன்படி மாகாணச் சட்டமன்றங்களில் 148 இடங்கள் ஒதுக்கப்பட்டன. சென்னைக்கு அவற்றுள் 30.

மேலவை தோன்றியதும் இயங்கியதும்

1935-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1937-இல், சென்னை உள்ளிட்ட ஆறு மாகாணங்களில் ஈரவை முறை தோன்றியது. 215 உறுப்பினர் கொண்ட பேரவை கீழவையாகவும், கவுன்சில் என்ற பழம்பெயர் தாங்கிய மன்றம் மேலவையாகவும் அமைந்தன. சீனிவாசனார் 1923-இல் நுழைந்த மன்றத்தின் பெயர் இவ்வாறு மேலவைக்கு உரியதாயிற்று. ஒதுக்கப்பட்ட 30 இடங்களும் கீழவையில் இருந்தன. மேலவையிலோ பொதுத்தொகுதி 35, முஸ்லிம்களுக்கு 7, இந்தியக் கிறித்தவர்க்கு 3, ஐரோப்பியர்க்கு 1, ஆளுநர் நியமனம் 8 முதல் 10 வரை என இடங்கள் வகுக்கப்பட்டன. தாழ்த்தப்பட்டோர்க்கென ஓரிடமும் குறிக்கப்படவில்லை.

விடுதலைக்குப் பின் 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பும் சில மாநிலங்களில் மேலவையை வைத்துக்கொண்டது. அதன் இயக்கத்தைச் சுருங்கக் கூறுவோம். மேலவை உறுப்பினருள் மூன்றில் ஒரு பங்கினரை நகராட்சி முதலிய உள்ளாட்சி மன்றத்தார் தேர்ந்தெடுப்பர். மூன்றில் ஒரு பங்கினரைப் பேரவை உறுப்பினர் தேர்ந்தெடுப்பர். பன்னிரண்டில் ஒரு பங்கினர் பட்டதாரிகளாலும், மற்றொரு பன்னிரண்டில் ஒரு பங்கினர் ஆசிரியர்களாலும் தேர்ந்தெடுக்கப்படுவர். எஞ்சிய ஆறில் ஒரு பங்கினரை இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு, சமூகத்தொண்டு ஆகியவற்றில் சிறந்தோரிலிருந்து ஆளுநர் நியமிப்பார். உறுப்பினருக்கு முப்பது வயது நிறைந்திருக்க வேண்டும். மேலவை கலைக்கப்படுவதில்லை. இரண்டாண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் விலகப் புதியவர் வருவர்.

அதிகாரத்தில் மேலவை பேரவைக்கு நிகரன்று. பண மசோதாவைப் பேரவையில்தான் கொணரலாம். மேலவை அதனைப் பதினான்கு நாட்களுக்கு மேல் வைத்திருக்கலாகாது. பிற மசோதாவை முதல்முறை மூன்று மாதமும், பேரவை மீண்டும் நிறைவேற்றி அனுப்பினால் ஒரு மாதமும் நிறுத்திவைக்கலாம். அதன்பின் பேரவையின் முடிவே முடிவு. அமைச்சரவை பேரவைக்கே பொறுப்புடையது. அதனைக் கவிழ்க்க மேலவையால் இயலாது. ஆகவே மேலவையின் வலிமை தடுப்பதில் இல்லை. ஆய்ந்து சொல்வதிலும், அவசரத்தில் எழுதிய வரியைத் திருத்துவதிலும் உள்ளது. எனினும் அதன் உறுப்பினர் முதலமைச்சராகவும் ஆகலாம். 1952-இல் இராசாசி நியமன உறுப்பினராக வந்து முதலமைச்சரானார். 1967-இல் அறிஞர் அண்ணாவும் மேலவை உறுப்பினராகவே ஆட்சி நடத்தினார்.

தமிழ்நாட்டில் 63 உறுப்பினருடன் இயங்கிவந்த மேலவை, 1986 நவம்பர் 1-ஆம் நாள் நீக்கப்பட்டது. அப்போது அதன் தலைவர் சிலம்புச் செல்வர் ம.பொ.சி. ஒரு மாநிலத்தில் மேலவை வேண்டுமென்றாலும் வேண்டாமென்றாலும் பேரவை சிறப்புப் பெரும்பான்மையுடன் தீர்மானம் நிறைவேற்றவேண்டும். பின்னர் நாடாளுமன்றம் சட்டம் இயற்றவேண்டும். 2010-இல் அவ்வாறு மீண்டும் அமைக்கச் சட்டம் பிறந்தும், 2011-இல் ஆட்சி மாறியபின் அது கைவிடப்பட்டது. இன்று உத்தரப் பிரதேசம், பீகார், மகாராட்டிரம், கருநாடகம், ஆந்திரம், தெலங்கானா ஆகிய ஆறு மாநிலங்களில் மேலவை உண்டு.

மேலவையும் நம் மக்களும்

இவ்விடத்தில் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். மக்களவையிலும் மாநிலச் சட்டப்பேரவைகளிலும் நமக்குத் தனித்தொகுதிகள் உண்டு. நமக்கு அண்டையிலுள்ள நிலக்கோட்டைத் தொகுதியே அதற்குச் சான்று. ஆனால் மாநிலங்களவையிலோ, மாநில மேலவைகளிலோ அரசியலமைப்பு நமக்கென இடம் எதனையும் ஒதுக்கவில்லை. இரு அவைகளிலும் இடம் வேண்டும் என்று வட்டமேசையில் வைத்த கோரிக்கையில் ஒரு பாதியே நிறைவேறியது.

பட்டதாரிகளும் ஆசிரியர்களும் வாக்களிக்கும் அவையில், பட்டதாரிகள் அருகிய சமுதாயத்தின் குரல் எவ்வாறு ஒலிக்கும்? மேலவை கற்றோர் அவை என்று போற்றப்பட்டது. கல்வி மறுக்கப்பட்டவர்க்கோ அது மூடிய கதவாயிற்று. மேலவை வேண்டும் என்பாரும் வேண்டாம் என்பாரும் வாதிடும்போது, அதில் எவருக்கு இடம் என்ற கேள்வியை எழுப்பவேண்டியவர் நாமே. மீண்டும் ஒருநாள் தமிழ்நாட்டில் மேலவை அமையுமாயின், பட்டதாரி வாக்காளர் பட்டியலில் நம் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் இருப்பர் என்பதை இன்றைய வகுப்பறைகளே முடிவு செய்யும்.

இறுதிக் காலம்

சீனிவாசனாருக்கு அரசு 1926-இல் ராவ் சாகிப், 1930-இல் ராவ் பகதூர், 1936-இல் திவான் பகதூர் ஆகிய பட்டங்களை அளித்தது. மக்கள் அவரைத் திராவிட மணி என்று அழைத்தனர். இந்து சமயத்தை விட்டு வெளியேறுவதென அம்பேத்கர் முடிவு செய்தபோது, நாம் அச்சமயத்தின் வருணங்களுக்குள்ளேயே இல்லாதவராதலின் வெளியேறவேண்டிய தேவை இல்லை என்று இவர் கருதினார். கருத்தில் வேறுபட்டும் மதிப்பில் குறைவுபடாத பெருந்தகைமை இருவரிடமும் இருந்தது. 1939-இல் தம் வாழ்க்கை வரலாற்றுச் சுருக்கத்தை வெளியிட்டார். 1945 செப்டம்பர் 18-ஆம் நாள், நாடு விடுதலை பெறுவதற்கு இரண்டாண்டுக்கு முன், இயற்கை எய்தினார். நடுவண் அரசு 2000-ஆம் ஆண்டில் அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது. சென்னை கிண்டியில் காந்தி மண்டப வளாகத்தில் அவருக்கு நினைவு மண்டபம் உள்ளது.

இளைஞர்களே! அப்பெரியாரின் வாழ்விலிருந்து நாம் கொள்ளத்தக்கன யாவை? அவருக்குக் கிடைத்த இருக்கை பிறர் அளித்தது. அதனை அவர் தமக்குக் கிடைத்த பெருமையாக எண்ணி அமர்ந்துவிடவில்லை. அவை விதிகளைக் கற்றார். ஏற்ற கருவியைத் தேர்ந்தார். எவரும் மறுக்கவியலாத சொல்லைக் கையாண்டார். இன்று பேரூராட்சி மன்றத்திலும், பள்ளி மேலாண்மைக் குழுவிலும், கூட்டுறவுச் சங்கத்திலும் நம்மவருக்கு இருக்கைகள் உள்ளன. அங்கே அமர்வோர் விதி நூலைப் படித்திருக்கிறார்களா? நிகழ்ச்சி நிரலை முன்னரே கேட்டுப் பெறுகிறார்களா? தாம் சொன்னது பதிவேட்டில் ஏறியதா என்று பார்க்கிறார்களா? படிக்காமல் கையொப்பமிடுபவர் இருக்கையில் இருந்தும் இல்லாதவரே ஆவார்.

கோயம்புத்தூரில் பள்ளிக்கு வெளியே தனியே அமர்ந்து மணியோசைக்குக் காத்திருந்த சிறுவன், ஒரு மாகாணத்தின் பொதுவழிகளையெல்லாம் பொதுவென்று எழுதச் செய்தான். அவ்வாறு காத்திருக்க வேண்டிய நிலை நம் பிள்ளைகள் எவருக்கும் வரலாகாது என்பதே நம் கல்விச் சங்கத்தின் இருபத்தைந்தாண்டுப் பணியின் பொருள். அப்பணி மேலும் வளர்க! இரட்டைமலை சீனிவாசனார் புகழ் ஓங்குக!